பெல்ட்டை முழுசா இழுத்துப் பாக்கணும்

சீட் பெல்ட்டை ஏன் அவ்வளவு தூரம் இழுக்கறேன், அறுத்துடுவேனோன்னு பயந்துட்டீங்களா டீச்சர்? அறுந்துடாது. எவ்வளவு இழுத்தாலும் வரும். வந்து நின்னதும் அந்தக் கடைசி ஒரு முழத்தைப் பாக்கணும். நாம யாரும் பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்துப் போடறதே இல்லையா, அதனால விக்கறவன் அந்த இடத்தைக் கழுவ மறந்துடுவான். சீட்டைக் கழுவுவான், தரையில புது மேட் போடுவான், உள்ள சென்ட் அடிப்பான், இஞ்சினைத் துடைச்சுப் பளபளன்னு வச்சிருப்பான். பெல்ட்டோட உள்பக்கம் மட்டும் அப்படியே சுருண்டு கிடக்கும். வண்டி வெள்ளத்துல முங்கியிருந்தா அங்க ஒரு கோடு இருக்கும். சேறு காய்ஞ்ச கோடு.

உங்க வண்டியில இல்ல. சுத்தமா இருக்கு. முன்னாடி ரெண்டு டயரையும் மாத்துங்க, கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் தாங்கும். தைரியமா வாங்கலாம். எழுதித் தரணுமா? தர்றேன்.

போகணும்னு அவசரமா? இல்லன்னா செத்த நேரம் உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வந்துடும்.

மதி சொன்னா உங்களைப் பத்தி. "எங்க ஸ்கூல் டீச்சர்ப்பா, மூணு மாசமா வீடியோ பாத்துப் பாத்து மண்டை குழம்பிக் கிடக்காங்க, ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்றான்"னு. சொல்லத்தான் செய்வான். வீடியோல பேசறவனுக்கு வண்டிய ரெண்டு நாள் ஓட்டக் குடுக்கறாங்க, ரெண்டு நாள்ல வண்டிக்கு என்ன வியாதி தெரியும்? ஷோரூம்காரன் அவன் வண்டியத்தான் சொல்வான். புரோக்கர்கிட்ட கேட்டீங்கன்னா எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டின வண்டி, ஒரே ஓனரு. சரி, வச்சிருக்கறவனையே கேப்போம்னு போனா அவன் அதைவிட மோசம். தன் வண்டியக் குறை சொன்னா தான் ஏமாந்ததை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும்ல? மாசம் ரெண்டு தடவை தள்ளிக்கிட்டு வருவான் இங்க, டீக்கடையில போய்த் தங்கமான வண்டிம்பான். நான் என் காதால கேட்டிருக்கேன்.

அதனாலதான் இந்தப் புதுக்கோட்டையில அடைக்கலம் பட்டறைக்குக் கூட்டம். முப்பத்தோரு வருஷம். கலெக்டர் ஆபீஸ்காரங்க வருவாங்க, கான்ட்ராக்டர் வருவாங்க. ஒரு புரோக்கரு எனக்குக் கமிஷன் தர்றேன்னு வந்தான், அவன் முன்னாடியே அவன் வண்டிய நாலு பேருக்குக் காட்டி இது ஆக்சிடென்ட் ஆன வண்டின்னேன். மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாமப் போனான். அப்படி ஆளு நான். வண்டி விஷயத்துல பொய் சொன்னதில்ல.

ஒரே ஒரு தடவை. அதையும் பொய்ன்னு சொல்லிட முடியாது. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

மதி இன்னிக்கு லீவுன்னு தெரியும் உங்களுக்கு. எதுக்குன்னு சொன்னாளா? கோர்ட்டு. பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. ஆறு மாசம் முன்னாடி அவளும் மாப்ளயும் சேந்து விவாகரத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு, இன்னிக்கு ஜட்ஜம்மா ஒரு தடவை கேப்பாங்களாம், சம்மதந்தானான்னு. ரெண்டு பேரும் ஆமான்னா முடிஞ்சது. யாராவது ஒருத்தர் வேணாம்னா நின்னு போயிடும். "நீங்களும் வாங்கப்பா"ன்னு காலையில கூப்பிட்டா. நான் உங்க வண்டி வருதேன்னு சொன்னேன். வாக்குக் குடுத்துட்டோம், டீச்சர் அலைஞ்சுக்கிட்டு வருவாங்கன்னு. அவளும் சரின்னுட்டா. தனியாத்தான் போனா.

நான் சொல்றதை முழுசாக் கேளுங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு.

மதிக்குப் பதிமூணு வயசு இருக்கறப்ப அவ அம்மா போயிட்டா. அதுலேருந்து நான்தான் தலை சீவி விட்டேன். கோணலாத்தான் எடுப்பேன் வகிடு, அப்படியே ஸ்கூலுக்குப் போவா. கிரீஸ் கையோட ஊட்டி விட்டா வாங்கிக்குவா. அவ ஒரு விஷயத்தை நம்பணும்னா அப்பா சொல்லணும். அவ்வளவுதான்.

அறந்தாங்கிலேருந்து சம்பந்தம் வந்துச்சு. ரைஸ் மில்லு வச்சிருக்கறவங்க. சம்பந்தி பேரு சுந்தரராசு, அந்தப் பக்கம் கேட்டா எல்லாருக்கும் தெரியும். பையன் கதிரேசன் இவளைக் கல்யாண வீட்டுல எங்கயோ பாத்துட்டு, இந்தப் பொண்ணுதான்னு நின்னுட்டாரு. மாப்ள நல்ல மாதிரி. மாமா மாமான்னு வாய் நிறையக் கூப்பிடுவாரு. ஆனா அந்த வீட்டு மத்த ஆளுங்க இருக்காங்களே... கல்யாணத்தன்னிக்கே என் சொந்தக்காரங்களுக்கு ரெண்டாம் பந்தி. நான் பொண்ணைப் பாக்கப் போனா, "உள்ள சொல்லு, மெக்கானிக் வந்திருக்காரு"ம்பாங்க. சம்பந்தி ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே தலைய ஆட்டுவாரு. நான் நிலைக்கிட்ட நிப்பேன். இதெல்லாம் நான் பெருசா எடுத்துக்கறவன் இல்ல. சும்மா, நடந்ததைச் சொல்றேன்.

அப்புறம் மதி உண்டானா. தலைப்பிரசவம் அப்பா வீட்டுலதான் வழக்கம். ஆனா இங்க பொம்பளை யாரு இருக்கா? சம்பந்தியம்மாவே சொல்லிட்டாங்க, இங்கயே இருக்கட்டும், வலி கண்டா புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு. அதுக்காகவே ஒரு காரு வாங்கணும்னு முடிவு பண்ணினாங்க. மருமகளுக்காக. அதைச் சொல்லணும்ல, எம் பொண்ணுக்காகத்தான் வாங்கினாங்க.

மெட்ராஸ்லேருந்து யாரோ சொந்தக்கார புரோக்கர் மூலமா வந்துச்சு. வெள்ளை வண்டி. சம்பந்தியே எனக்குப் போன் பண்ணினாரு. அவரு எனக்குப் பண்ணின முதல் போன் அதுதான். "சம்பந்தி, நீங்க வந்து ஒரு பார்வை பாத்துடணும்." சம்பந்தின்னாரு டீச்சர்.

போறேன். வாசல்ல இருபது இருபத்தஞ்சு பேரு நிக்கறாங்க. வண்டிக்கு மாலை போட்டாச்சு, குங்குமம் வச்சாச்சு, நாலு டயருக்கும் கீழ எலுமிச்சம்பழம் வச்சாச்சு. சம்பந்தி வாசக் கேட்டு வரைக்கும் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. உள்ளேருந்து ஒரு நாற்காலி கொண்டாரச் சொன்னாரு. பிளாஸ்டிக் இல்ல, தேக்கு நாற்காலி, கை வச்சது, அவரு ஐயா காலத்து நாற்காலி. அவரு நாற்காலிக்குப் பக்கத்துல போட்டு, உக்காருங்கன்னாரு. மோரு வந்துச்சு, முதல் தம்ளரை என் கையில குடுத்தாரு. எல்லாரையும் பாத்துச் சொல்றாரு, "எங்க சம்பந்தி சொன்னா புதுக்கோட்டை ஜில்லாவே கேக்கும். அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், தேங்காய உடைச்சிருவோம்." கூட்டத்துல மதி நிக்கறா, ஏழு மாச வயிறு. அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு. அப்பாவ இந்த வீட்டுல உக்கார வச்சுட்டாங்கன்னு.

நாற்காலிக்கு ஆசைப்படற ஆளு இல்ல நான். எழுந்திரிச்சுப் போய் வண்டியப் பாத்தேன். கடமையாத்தான் பாத்தேன். இஞ்சின் சத்தம் நல்லாயிருந்துச்சு. பின் சீட்டுல ஏறி பெல்ட்டை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துச்சு. கடைசி முழத்துல, நாலு விரல் அகலத்துக்கு, சாம்பக் கலர்ல சேறு.

முங்கின வண்டி. சீட்டு உசரத்துக்குத் தண்ணி நின்னிருக்கு. இஞ்சினைச் சரி பண்ணிடலாம். ஒயரிங் உள்ளுக்குள்ளயே பச்சை பூத்துக்கிட்டே இருக்கும், ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம எல்லாம் செத்துப் போயிடும். எந்த நாள்னு யாருக்கும் தெரியாது.

பெல்ட்டை விட்டேன். சர்ருன்னு உள்ள போயிடுச்சு. இறங்கினேன். இருபத்தஞ்சு பேரும் என் வாயையே பாக்கறாங்க.

"நல்ல வண்டி"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணச் சொல்றீங்க? வயித்துப் புள்ளக்காரி நிக்கறா, மாலை போட்ட வண்டி, எலுமிச்சம்பழத்தை வச்சுட்டு நிக்கறாங்க, அந்த நேரத்துல இது செத்த வண்டின்னு சொல்ல வாய் வருமா? பணமும் குடுத்து முடிச்சாச்சு. நான் குறை சொன்னா சம்பந்திக்கு எவ்வளவு தலைகுனிவு, அவரு சொந்தக்காரன் கொண்டாந்த வண்டி. எம் பொண்ணு அந்த வீட்டுல இருக்கணுமே. எல்லாம் அவளுக்காக யோசிச்சதுதான். மறுநாள் மாப்ளயத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அன்னிக்கு முதல் பந்தியில, சம்பந்தி பக்கத்துல இலை போட்டாங்க எனக்கு.

மறுநாள் சொல்லல. மறுநாள் சம்பந்தி போன் பண்ணி அவரு மச்சான் வண்டியப் பாக்கணும்னாரு. அதுக்கு மறுநாள் வேற யாரோ. சம்பந்தி சம்பந்தின்னு தினமும் போன். அந்தச் சமயத்துல எப்படிச் சொல்றது? அப்புறம் நினைச்சேன், வண்டிய சர்வீஸுன்னு சொல்லி இங்க கொண்டாரச் சொல்வோம், சத்தமில்லாம ஒயரிங்கப் பூரா மாத்திடுவோம்னு. மாப்ளகிட்ட சொன்னேன், "ஒரு நாள் கொண்டாந்து விடுங்க." அவரு, "நீங்களே நல்லாயிருக்குன்னு சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன மாமா, அறுவடை முடியட்டும், நெல்லு வந்து குவிஞ்சு கிடக்கு"ன்னுட்டாரு. பாத்தீங்களா? கொண்டாந்திருக்கலாம்ல?

ஒரு மத்தியானம் வலி கண்டுச்சு. மாப்ளதான் ஓட்டினாரு, சம்பந்தியம்மா பின்னாடி மதியப் புடிச்சுக்கிட்டு. பாதி வழியில, ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, வீடு இல்ல, கடை இல்ல, வண்டி அப்படியே நின்னு போச்சு. செல்ஃப் எடுக்கல, லைட் எரியல, ஹாரன் அடிக்கல. ஒண்ணுமே இல்ல. மாப்ள ரோட்டு நடுவுல நின்னு கைய ஆட்டிக்கிட்டுக் கிடந்திருக்காரு. கடைசியில ஒரு லோடு ஆட்டோ நிறுத்தியிருக்கான். சாக்கு மூட்டைய இறக்கிப் போட்டுட்டு, மதியப் படுக்க வச்சுக் கொண்டாந்தாங்க. முக்கால் மணி நேரம் போயிடுச்சு.

பொம்பளப் புள்ள. தலை நிறைய முடி.

"அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..."ன்னு டாக்டரம்மா ஆரம்பிச்சாங்க. என்னப் பாத்துட்டு முடிக்கல.

என் கையிலதான் குடுத்தாங்க துணியில சுத்தி. இந்தக் கையில. காலையிலேருந்து வேலை பாத்துட்டு அப்படியே ஓடியிருக்கேன், கழுவக்கூட இல்ல. அந்த வெள்ளைத் துணியெல்லாம் என் கிரீஸு. நான் அழுதேன் டீச்சர். இப்பவும் அழுவேன், எந்நேரம் வரும்னு தெரியாது, ஸ்பானர் புடிச்சுக்கிட்டு இருக்கறப்பவே வந்துடும்.

ரெண்டு நாள் கழிச்சு மதி வாயத் தொறந்தா. முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அப்பா, வண்டியில எதுவும் தப்பு இல்லல்ல?"

எல்லாரும் நிக்கறாங்க. சம்பந்தி நிக்கறாரு, மாப்ள நிக்கறாரு. பெத்த வயிறு காய்ஞ்சு கிடக்கறவ கேக்கறா. நான் என்ன சொல்வேன்? "இல்லம்மா"ன்னேன்.

அவ்வளவுதான், திரும்பி மாப்ளயப் பாத்தா. பதினஞ்சு நாளா வண்டியில ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. "அப்பாகிட்ட காட்டுங்க, காட்டுங்க"ன்னு இவ சொல்லியிருக்கா. "நெல்லுதான் உங்களுக்குப் பெருசாப் போச்சு"ன்னா. சம்பந்தியும் மகனைத்தான் திட்டினாரு, "அவங்கப்பா பாத்துச் சொன்ன வண்டிடா, உனக்கு வச்சுக்கத் தெரியல"ன்னு. மாப்ள தலையக் குனிஞ்சு நின்னாரு. முப்பதாம் நாளு கழிஞ்சு மதி இங்க வந்தவதான், திரும்பிப் போகல. மாப்ள வந்து வந்து வாசல்ல நின்னாரு. அவ கதவைத் தொறக்கல. "என் புள்ளயக் கொன்னவரு"ன்னு உள்ளேருந்தே சொன்னா. நான் நடுவுல புகுந்து எவ்வளவோ சமாதானம் சொன்னேன், மன்னிச்சுடும்மா, மனுசன்னா தப்புப் பண்றதுதான்னு. கேக்கல.

அந்த மஞ்ச லைட்டுக்கு மாப்ள எனக்குப் போன் பண்ணினது நிஜம்தான். "மாமா, ஒரு லைட்டு எரியுது, பயமா இருக்கு"ன்னு. நான் அப்ப சம்பந்தியோட மச்சான் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். அந்த மச்சானும் பக்கத்துல நிக்கறாரு. "லைட்டுக்கெல்லாம் பயப்படாதீங்க மாப்ள, ஒண்ணுமில்ல"ன்னேன். அவரு பக்கத்துல நிக்கறப்ப வேற என்ன பேச முடியும்? மாப்ள அந்தப் போனைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடல. மதிகிட்டயும்.

நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் மாப்ள இங்க வந்தாரு. இதோ, நீங்க இருக்கற இடத்துலதான் நின்னாரு. உக்காரச் சொன்னேன், உக்காரல. வண்டிய அறந்தாங்கியில வேற ஒருத்தர்கிட்ட காட்டியிருக்காரு. அந்த ஆளு பெல்ட்டை இழுத்துக் காட்டிட்டான்.

"மாமா, அன்னிக்கு நீங்க பெல்ட்டை இழுத்ததை நான் பாத்தேன். கதவுகிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எதுக்குன்னு அப்ப தெரியல"ன்னாரு.



"ஏன் மாமா?"ன்னாரு.

"உங்கப்பாவோட மரியாதைக்காகத்தான் மாப்ள"ன்னேன்.

"எங்கப்பா மரியாதைக்கா?"ன்னு கேட்டாரு. அதை ஏன் அப்படிக் கேட்டாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல.

அப்புறம் சொன்னாரு. "மதிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, தப்பிக்கறதுக்கு உங்க மேல பழியப் போடறேன்னுதான் நினைப்பா. அப்படியே நம்பினாலும், அவளுக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தருதான், அதையும் நான் பறிச்ச மாதிரி ஆகிடும். நீங்களே சொல்லுங்க மாமா. உங்க வாயால சொன்னா அவ தாங்கிக்குவா. எவ்வளவு நாளானாலும் நான் காத்துக்கிட்டு இருக்கேன்."

ரெண்டு வருஷம் ஆச்சு.

சொல்லாம இருக்கணும்னு இருக்கல டீச்சர். எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா? ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சலு, காய்ச்சலோட இருக்கறவகிட்ட எப்படிச் சொல்றது. ஒரு நாள் சிரிச்சுக்கிட்டு இருக்கா, புள்ள போனதுக்கப்புறம் முதல் தடவையாச் சிரிக்கறா, அதைக் கெடுக்கறதா. உங்க ஸ்கூல்ல சேந்தா. சின்னப் புள்ளைங்களோட கிடந்தா மனசு தேறும்னு பேசாம விட்டேன். வக்கீல்கிட்ட போனா. ஆறு மாசம் டயம் இருக்கேன்னு நினைச்சேன். ஆறு மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியல.

எனக்கு மாப்ள மேலயும் வருத்தம் இருக்கு. அவரு சொல்லியிருக்கலாம்ல? ஆம்பளையா லட்சணமா, உங்கப்பாதான் இப்படிப் பண்ணினாருன்னு போட்டு உடைச்சிருக்கலாம்ல? இவ்வளவு பாரத்தையும் தூக்கி என் தலையில வச்சுட்டுப் போயிட்டாரே. வயசான ஆளு எப்படிச் சுமப்பேன்னு யோசிச்சாரா?

என்னது, இப்பவே போன் பண்ணணுமா? மணி என்ன இப்ப? கோர்ட்டுக்குள்ள போனை எடுக்க விடுவாங்களா... வக்கீல் நம்பர் இருக்கு, இருக்குதான். ஆனா வக்கீல்கிட்ட போய் இதை எப்படிச் சொல்றது? மூணாம் மனுசர். நேர்ல போனா? உங்க வண்டியிலயா? கூட்டிட்டுப் போறீங்களா? பத்து நிமிஷம்தான். அது சரி... கையக் கழுவிட்டு, ஒரு சட்டைய மாத்திக்கிட்டு... இப்படியே போனா நல்லாவா இருக்கும் கோர்ட்டுக்கு. சம்பந்தி வந்திருப்பாரு.

இருங்க. போனு. மதிதான்.

கையெல்லாம் எண்ணெய். அந்தப் பச்சைய அமுத்துங்க டீச்சர். ஸ்பீக்கரையும் போடுங்க.

"அப்பா, முடிஞ்சிடுச்சுப்பா. கையெழுத்துப் போட்டாச்சு."

ம்.

"ஜட்ஜம்மா அவரைக் கேட்டாங்க, நீங்க ஏதாவது சொல்லணுமான்னு. இல்லன்னுட்டாரு. வெளியில வந்ததும் என்கிட்ட வந்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா? 'மாமாவ எது நடந்தாலும் விட்டுடாத, நல்லாப் பாத்துக்கோ'ன்னாரு. இவரு சொல்லணுமாப்பா எனக்கு? என் புள்ளயப் பாத்துக்கத் தெரியாதவரு, எங்கப்பாவப் பாத்துக்கச் சொல்லி எனக்குச் சொல்றாரு. நான் திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டேன்."

ம். சரிம்மா.

"அப்பா, அழறீங்களா? எனக்காக அழாதீங்கப்பா. நீங்க இருக்கீங்கல்ல, எனக்கு அது போதும். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருக்க மாட்டீங்க. பஸ் ஏறிட்டேன், வந்து சோறு வடிக்கறேன்."

வச்சுட்டா.

நீங்க எதுவும் சொல்ல வேணாம் டீச்சர். சாவி அந்த ஆணியில மாட்டியிருக்கு, வண்டிய எடுத்துக்குங்க. நீங்க இங்க இருக்க வேணாம், உங்க மூஞ்சியப் பாத்தா அவ கண்டுபிடிச்சுடுவா. கிளம்புங்க. எம் புள்ள எனக்குச் சோறாக்க வந்துக்கிட்டு இருக்கா.